முப்பத்திரண்டு எண்கள்

ஜுவாங் முதலாளி யாரையும் கை நீட்டி அடித்தவர் இல்லை. அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தும் யாரும் கேட்டதில்லை. அந்த ஆகஸ்டில் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு மேலே ஒரு எல்இடி பலகையை மாட்டினார், அவ்வளவுதான்.

ஷியான் என்ற அந்தத் தொழிற்பேட்டை ஊரில் அப்போது தடுக்கி விழுந்தால் எல்இடி கம்பெனி. மருந்துக்கடை, வங்கி, பஸ், கறிக்கடை என்று நாடு முழுக்க ஓடிய சிவப்பு எழுத்துகளில் பாதி அந்தத் தகரக் கூரைகளுக்குக் கீழேதான் பிறந்தன. ஜுவாங் கம்பெனியில் அறுபது பேர். கீழே வரிசை வரிசையாக சால்டரிங் மேசைகள். ஈயப் புகை கண்ணைக் கரிக்கும். பின்பக்கம் ஒரு அறையில் செய்து முடித்த பலகைகளை மூன்று நாள் அணைக்காமல் எரியவிட்டுப் பார்ப்பார்கள். அதன் கதவைத் திறந்தால் அடுப்பு வாயில் முகத்தை வைத்தது போலிருக்கும். மாடியில் முதலாளியின் அறை. அதை ஒட்டி ஒரு சின்னத் தடுப்பு. அங்கே யான்பிங் உட்கார்ந்திருப்பாள்.

பலகையில் முதல் வாரம் "பாதுகாப்பாக வேலை செய்வோம்" என்று ஓடியது. இரண்டாவது வாரம் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. முந்தின நாள் யார் தப்பு செய்தார்களோ அவர்கள் பெயர், என்ன தப்பு, எத்தனை பலகை போயிற்று என்ற விவரம். "நான் யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன். பேரை மட்டும் போடுவேன்" என்றார் முதலாளி. முதல் பெயர் குவாங்ஷி பக்கத்துப் பெண் ஒருத்தியுடையது. தலைக்கு மேலே தன் பெயர் ஓட, கிண்ணத்தைப் பிடித்தபடி வரிசையில் நின்றவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். அன்றைக்கு வேறொருத்தர் பெயர் ஓடியது. எல்லோரையும் விட அவள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் யான்பிங்கின் புருஷன் பெங் குன் மாட்டினான்.

தப்பு அவனுடையதுதான். பட்டை வயரைத் திருப்பிச் செருகிவிட்டான். ஒன்றைச் செருகி எரியவிட்டுப் பார்த்துவிட்டு மற்றதைச் செருகுவதுதான் முறை. "பத்து வருஷமா செருகுறேன், எனக்கெதுக்கு பரிசோதனை" என்று பக்கத்து மேசை பாவ்ஷெங்கிடம் கதை அளந்துகொண்டே முப்பத்திரண்டையும் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டான். ஒரு நொடி நீலப் புகை. மீன் கருகின வாடை சாயங்காலம் வரை போகவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சிவப்பு எழுத்துகள் வலமிருந்து வந்தன. "நேற்றைய தவறு: பெங்..." அப்புறம் ஒரு எழுத்து அகலத்துக்கு வெறும் இருட்டு. அதன்பின் "முப்பத்திரண்டு பலகை."

அவர்கள் எழுத்தில் ஒரே உச்சரிப்புக்குப் பல எழுத்துகள் உண்டு; பெங் குன்னின் "குன்" ஊர் உலகத்தில் எல்லோரும் எழுதுகிற குன் இல்லை. அவன் பிறந்த நேரத்தில் மண் குறைகிறது என்று ஹூனானில் எவனோ ஜோசியன் சொல்லி, மேலே பக்கம் பக்கமாக "சதுரம்" என்று பொருள்படும் எழுத்து இரண்டும் கீழே "மண்" என்ற எழுத்தும் சேர்ந்த எழுத்தாகத் தேடிப் பிடித்து வைத்த பெயர். பலகைக்குள் இருக்கிற மெமரி சில்லில் ஆறாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் உண்டு. அதில் இது கிடையாது.

"அண்ணே, மெஷினே உன்னப் பாத்து பயந்துடுச்சு!" என்றான் பாவ்ஷெங்.

பெங் குன் சோற்றுக் கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். "என் பேர எழுத அவன்கிட்ட சரக்கில்லடா. ஆயிரம் பேருக்குப் பலகை விக்கிறான், என் பேருக்கு ரெண்டு விளக்கு இல்ல பாரு!"

கூடமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு முதலாளியைப் பார்த்து. சாயங்காலத்துக்குள் அவனுக்கு "காலி அண்ணன்" என்று பேராகிவிட்டது. சால்டரிங் பெண்கள்கூட "காலி அண்ணே, ஈயம் குடுங்க" என்றார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலையில் முதலாளி யான்பிங்கைக் கூப்பிட்டார்.

அவர் ச்சாவ்ஷான்காரர். அந்த ஊர் வழக்கப்படி நெல்லிக்காய் அளவுக் கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டேதான் எதையும் பேசுவார். மூன்று கோப்பையில் வட்டமாக ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா. இதுவரைக்கும் எத்தனை எழுத்து வரைஞ்சிருப்ப?"

"நானூத்திப் பதினாலு, முதலாளி."

"தப்பு வந்திருக்கா?"

"இல்ல."

சில்லில் இல்லாத எழுத்தை வாடிக்கையாளர் யாராவது கேட்டால், அதை உண்டாக்குவது அவள் வேலை. மயானக் கூடத்துக்குச் செத்தவர் பெயர், ஓட்டலுக்கு விசித்திர மீன் பெயர், எங்கோ ஒரு மலைக்கிராமத்தின் பெயர். கட்டம் போட்ட தாளில் பதினாறு வரி, வரிக்குப் பதினாறு கட்டம். எரிய வேண்டிய கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். வரியை நடுவில் பிளந்தால் எட்டு, எட்டு. முதல் கட்டத்துக்கு நூற்றிருபத்தெட்டு, அடுத்ததற்கு அறுபத்துநாலு என்று பாதி பாதியாகக் குறைந்து கடைசிக் கட்டத்துக்கு ஒன்று. கறுத்த கட்டங்களைக் கூட்டினால் பாதி வரிக்கு ஒரு எண். ஒரு எழுத்துக்கு மொத்தம் முப்பத்திரண்டு எண்கள். அந்த எண்களைச் சில்லில் காலியாக இருக்கும் ஒரு இடத்தில் எழுதிவிட்டால் முடிந்தது, அந்த எழுத்து உலகத்தில் இருக்கிறது. முன்னே இருந்த எஞ்சினியர் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது அவர் மேசையைத் துடைக்கப் போனவள் அவர் விட்டுப்போன தாள்களைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். எட்டாம் வகுப்புதான் படிப்பு. ஆனால் கூட்டல் கை போன போக்கில் வரும்.

"உன் வீட்டுக்காரர் எழுத்தை வரைஞ்சு குடு" என்றார் முதலாளி.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "முதலாளி, எல்லாரும் எழுதற குன் சில்லுலயே இருக்கே. அதையே..."

"போடலாம். போட்டா, அது நானில்ல, வேற எவனோன்னு உங்காளு நாளைக்கு மேசை மேல ஏறி நின்னு சொல்வான். சொல்ல மாட்டானா?"

சொல்வான். அவளுக்குத் தெரியும்.

"எனக்கு அவன் மேல கோவமில்ல. பலகை விக்கிறவன் பலகையிலயே ஓட்டையப் பாத்து அறுபது பேர் சிரிக்கிறான். நாளைக்கு வாங்க வர்றவனும் சிரிப்பான்." இன்னொரு கோப்பை ஊற்றினார். "நாளைக்குக் காலைல குடு, போதும். அப்புறம், பொண்ணோட ஸ்கூலுக்கு ஒரு கடுதாசி கேட்டிருந்தியே?"

"ஆமா முதலாளி. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள குடுக்கணும்."

"முத்திரை என் டிராயர்லதான் இருக்கு. எங்க போயிடப் போகுது?"

அவர்கள் இருந்தது ஒரு வாடகைக் கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில், ஒற்றை அறை. சமையல் பால்கனியில். அன்று சாயங்காலம் புயல் வரப்போகிற புழுக்கம். எதிர்க் கட்டிடம் கை நீட்டினால் தொடுகிற தூரம், அங்கே தொங்கின துணிகள் ஆடாமல் அசையாமல் நின்றன. யான்பிங் ஊரிலிருந்து வந்த புகைபோட்ட பன்றிக்கறியைச் சீவி மிளகாயோடு வதக்கினாள். காரம் நெடியேறி மகள் நிங்நிங் உள்ளேயிருந்து இருமினாள். எட்டு வயது. போன வருஷம் படித்த தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தை அதிகாரிகள் மூடிவிட்டார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி புதுப் பள்ளிக்கூடம். பெற்றோர் இங்கே வேலை பார்ப்பதாகக் கம்பெனி முத்திரை வைத்த கடுதாசி இல்லாமல் வெளியூர்ப் பிள்ளைகளை அங்கே சேர்க்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது சொன்னாள்.

"முதலாளி உன் எழுத்தைக் கேக்கறார்."

பெங் குன் சிரித்தான். "கேக்கட்டுமே."

"விளையாட்டில்லய்யா. நாளைக்குள்ள வேணுமாம்."

"வரைய வராதுன்னு சொல்லிடு. அது கஷ்டமான எழுத்துதான? எங்க ஸ்கூல் வாத்தியாருக்கே வராது."

"நானூறு எழுத்து வரைஞ்சிருக்கேன். வராதுன்னா நம்புவாரா?"

"அப்ப தப்பா வரை."

"நீ போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேளேன். தப்பு உன்னோடதுதான? மேல போ, அவர் டீ ஊத்துவார், குடி, தப்பாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடு. அதோட போயிடும்."

"எதுக்குக் கேக்கணும்? நல்லா நடந்துட்டிருக்கு. பத்து வருஷத்துல இப்பத்தான் அத்தனை பேரும் என்னய ஆளா மதிச்சான்."

"கடுதாசில இன்னும் முத்திரை விழலய்யா."

அவன் ஒரு துண்டு கறியை நிங்நிங் கிண்ணத்தில் வைத்தான். "அதெல்லாம் போடுவான். உனக்கு எல்லாத்துக்கும் பயம். கட்டத்துல கறுப்படிக்கிற வேலை, அதுக்கே இத்தன நடுக்கம். நிங்நிங் பரவால்ல, அவளும்தான் கட்டத்துக்குக் கலர் அடிக்கிறா. என்னடி?"

நிங்நிங் சிரித்தாள். அப்பா சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

யான்பிங்குக்கு இது புதுசில்லை. ஊர்க்காரர்கள் வந்தால் "எம் பொண்டாட்டிக்கு மாடில ஏசி காத்துல கோலம் போடற வேலை" என்பான். அப்போதெல்லாம் அவளும் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு எழுந்து போய்ப் பால்கனியில் சட்டியைத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து அதன் அடி பளபளத்தது.

"வரைஞ்சுதான் பாரேன்" என்று உள்ளேயிருந்து கத்தினான் அவன். "என் பேர வரைய உனக்கும் தைரியம் இருக்கான்னு பாக்கறேன்!"

காலையில் மழை சாய்த்துக்கொண்டு பெய்தது. யான்பிங் அரை மணியில் எழுத்தை வரைந்தாள். எண்களை மட்டும் புரட்டிப் போட்டாள். முதல் கட்டத்துக்கு ஒன்று, கடைசிக் கட்டத்துக்கு நூற்றிருபத்தெட்டு. சின்னப் பலகையில் ஏற்றிப் பார்த்தபோது சதுரங்கள் ரெண்டும் முகம் திரும்பி, மண்ணுக்கு நடுவில் நிற்க வேண்டிய தண்டு இடது ஓரத்தில் போய் நின்றது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு போலிருக்கு முதலாளி. இந்த எழுத்து மட்டும் இப்படி வருது."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார். அப்புறம் அவள் நோட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து முதல் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அதில் எட்டு என்றிருந்தது.

"இங்க பதினாறு வரணும். எட்டு எட்டாப் புரட்டிப் போட்டிருக்க." அவர் குரல் ஏறவே இல்லை. "இருபத்திரண்டு வயசுல ஹுவாச்சியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் சந்தைல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து நானே இதைத்தான் செஞ்சிட்டிருந்தேன், யான்பிங். கம்ப்யூட்டர் கூடக் கிடையாது. டீ ஊத்துறவன் எண்ணப் பாக்க மாட்டான்னு நினைச்சிட்டியா?"

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அவர் டிராயரைத் திறந்து, நிங்நிங்கின் கடுதாசியை எடுத்து அவள் மேசையில் விரித்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. முத்திரை வைக்கிற இடம் வெறுமனே இருந்தது. அதன் பக்கத்தில் முத்திரையையும் சிவப்பு மையையும் கொண்டுவந்து வைத்தார்.

"பதினொன்னரைக்குச் சாப்பாட்டு மணி. முடிச்சிட்டு நீயே அடிச்சுக்க. என்னை எழுப்ப வேணாம்." போய்ச் சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

எண்களைத் திருப்பிச் சரியாக்க அவளுக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. முதல் வரி பதினாறு, பதினாறு: இரண்டு சதுரங்களின் தலைப் புள்ளிகள். அதற்குக் கீழே குறுக்குக் கோடுகள், இருநூற்று ஐம்பத்துநாலு, இருநூற்று ஐம்பத்துநாலு. கீழே மண்ணின் தண்டு ஒன்று, சைபர். கடைசி வரி இருநூற்று ஐம்பத்தைந்து, இருநூற்று ஐம்பத்துநாலு. பலகையில் ஏற்றினாள். எழுத்து வந்தது. முத்திரையை அடித்துவிட்டு எழுந்திருக்கலாம். கடிகாரத்தில் ஒன்பதரை.

ஆனால் எழுத்து நன்றாக இல்லை. இடது சதுரத்தின் கொக்கி வலது சதுரத்தின் காலை உரசியது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டி ஒரு சிவப்புத் திட்டாகத் தெரியும். ஒரு புள்ளியை உள்ளே தள்ளினாள். இப்போது இடது பக்கம் ஒல்லியாகத் தெரிந்தது. காலைச் சாய்த்தாள். மண் கனம் போதாமல் இரண்டு சதுரங்களும் அந்தரத்தில் தொங்கின. நடுக் குறுக்குக் கோட்டை இரண்டு பக்கமும் ஒரு புள்ளி நீட்டினாள். தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத் தாள் எடுத்தாள். கட்டத்துல கறுப்படிக்கிற வேலை. அழித்தாள், கூட்டினாள், ஏற்றினாள், எழுந்து சுவர் வரை பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மழை எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியாது. வெளியே யார் பெயர் ஓடப்போகிறது என்பதே ஒரு கட்டத்தில் மறந்துபோயிற்று. ஏழாவது தடவை ஏற்றியபோது எழுத்து கால் ஊன்றி நின்றது. இரண்டு சதுரங்களுக்கு நடுவில் நூல் பிடித்தது போல ஒரு இருட்டு வரி. அவள் தன்னை அறியாமல் "ம்" என்றாள்.

சோபாவிலிருந்து முதலாளி கண்ணைத் திறந்து பார்த்தார். "அடேயப்பா" என்றார். நிஜமாகவே சொன்னார்.

மணி பதினொன்று இருபது. அவள் கடுதாசியில் முத்திரையை அழுத்தினாள்.

வரிசையில் பெங் குன் பாவ்ஷெங் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். "இன்னிக்கும் காலிதான் பாரு" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினான். "நேற்றைய தவறு" என்பதற்குப் பதில் "இந்த வாரத்தின் தவறு" என்று வந்தது. அப்புறம் "பெங்". அப்புறம் குன்.

முதலில் அந்தக் குவாங்ஷிப் பெண் கை தட்டினாள். கூடமே தட்டியது. "காலி அண்ணே, வீடு கட்டிட்டாங்க, குடி போயிடுங்க!" என்று எவனோ கத்தினான். பாவ்ஷெங்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தோளைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான், பெங் குன்னின் கை நழுவிக் கீழே விழுந்தது.

பெங் குன் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடையாள அட்டையில்கூட அவன் பெயரைப் பேனாவால்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அச்சில் அதை அவன் பார்த்ததே இல்லை. பெயர் மூன்று முறை போய்ப் போய் வந்தது. முட்டைக்கோஸும் சோறும் வாங்கிக்கொண்டு போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

மாடிப்படியில் நின்று யான்பிங் எல்லாவற்றையும் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நிங்நிங் கீழே கடையில் டிவி பார்க்கப் போயிருந்தாள். யான்பிங் கடுதாசியை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றான்.

"எதுக்கு?"

"வரையறதுக்கு."

அரை மணி என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. "காலைல முழுக்க."

"எனக்கு எழுத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா பலகைல பத்து வருஷமா எழுத்துதான் பாக்கறேன். மயானத்துக்குப் போட்ட எழுத்து, ஓட்டலுக்குப் போட்டது, நீ போட்டது எல்லாம் பாத்திருக்கேன். இத மாதிரி ஒண்ணு போட்டதில்ல நீ."

"அவர் பிடிச்சு வச்சு..."

"போடச் சொன்னான், போட்ட. புரியுது. புள்ளைக்காகப் போட்ட. கோணல்மாணலா, ஏனோதானோன்னு போட்டிருந்தா, சரி, கழுத்துல கத்தி வச்சான், பாவம் இவ என்ன செய்வான்னு நானே சொல்லியிருப்பேன்." அவன் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "இவ்வளவு அழகா எதுக்குடி போட்ட?"

அவளிடம் பதில் இருந்தது. நீதான தைரியம் இருக்கான்னு கேட்ட என்று நாக்கு நுனி வரை வந்தது. அதுதான் உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

மறுநாள் விடிகாலை டொங்குவானுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். அங்கே பொம்மைத் தொழிற்சாலையில் ஒரு ஊர்க்காரன் இருந்தான். மிளகாய் ஜாடியை எடுத்துக்கொண்டான், இரண்டு சட்டை, ஒரு போர்வை. நிங்நிங் தூங்கிக்கொண்டிருந்தாள். "இடம் கிடைச்சதும் சொல்றேன்" என்றான் வாசலில். குடை எடுத்துக்கய்யா என்று இவள் சொல்லும்போது மூன்றாவது மாடியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் கடுதாசியை வாங்கிக்கொண்டார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி நிங்நிங் புதுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா எங்கே என்று கேட்டபோது, வேறு வேலை, பெரிய கம்பெனி என்று யான்பிங் சொல்லி வைத்தாள்.

மூன்றாம் தேதி முதலாளி மறுபடி கூப்பிட்டார். தேநீர் ஊற்றினார்.

"ஒரு வாரமாச்சு. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான். இத நான் சும்மா விட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்புவான். பலகைல போட்டுடு."

"நானா, முதலாளி?"

"வேற யாருக்கு அந்த எழுத்து இருக்கிற இடம் தெரியும்?"

உண்மைதான். சில்லின் கடைசியில் காலி மூலையில் அவள்தான் அதற்கு இடம் கொடுத்திருந்தாள். நான்கு பொத்தான்களை அழுத்தினால் வந்து நிற்கும். உட்கார்ந்து அடித்தாள். "பெங் குன்: வேலையை விட்டு ஓடியவர்." இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எத்தனை நாள் ஓடணும்?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் விடு" என்றார் அவர்.

மதியம் நிங்நிங் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். அம்மா கிண்ணத்தில் பாதியை அவளுக்குக் கொடுக்க முதலாளி அனுமதித்திருந்தார். யான்பிங் அவளைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துக்கொள்ள எழுந்தாள். அதற்குள் பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டது. தலையைத் தூக்கியபடி நின்றுவிட்டாள்.

"அம்மா!" நிங்நிங் கத்தினாள். "அப்பா பேரு! அம்மா, அப்பா பேரும்மா!"

யான்பிங் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "உள்ள வா. சோறு ஆறுது."

"இரும்மா, இன்னொரு தடவை வரட்டும். எங்க டீச்சர் இருக்காங்கல்ல, இப்படி ஒரு எழுத்தே கெடையாதுன்னாங்க. நான் அப்பா பேரத் தப்பா எழுதுறேனாம். அத அடிச்சிட்டு வேற குன் எழுதினாங்க. கிளாஸ்ல எல்லாம் சிரிச்சாங்க. பாரு, எவ்ளோ பெருசா இருக்கு!"

எழுத்து இரண்டாம் முறை வந்தது. பிள்ளை வாய்விட்டுப் படித்தாள். பெங். குன். பின்னால் வந்ததை அவள் படிக்கவில்லை. அதற்குள் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு டீச்சரக் கூட்டிட்டு வந்து காட்டவா? நாளைக்கும் இருக்குமாம்மா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பாவ்ஷெங் தன் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கும்" என்றாள் யான்பிங். "ஒரு வாரம் இருக்கும்."